கோல்டன் பேரல் கள்ளி: தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்

நான் வாங்கிய முதல் கோல்டன் பேரல் கள்ளி 40 நாள்கூடத் தாங்கவில்லை. காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, பக்கத்தில் இருக்கிறதே என்று அதற்கும் ஒரு டம்ளர். தினமும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. முள்ளெல்லாம் வெயிலில் பொன்னாக மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் தொட்டியை நகர்த்தலாம் என்று செடியைச் செய்தித்தாளால் சுற்றிப் பிடித்தேன். தொட்டி அங்கேயே இருக்க, செடி மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. பழுப்புக் கூழும், அழுகிய வெங்காய நாற்றமும்தான்.

அதற்கப்புறம் இதுவரை 7 செடிகள் வளர்த்திருக்கிறேன். அவற்றில் 5 இன்றைக்கும் மொட்டை மாடியில் இருக்கின்றன. வீடு தாம்பரம் பக்கம். அதனால் கீழே சொல்வதெல்லாம் சென்னைப் பக்கத்து வெக்கை, ஈரக்காற்று, ஐப்பசி மழை ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வது. மதுரை, கோவைக்காரர்கள் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் முதல் நாளிலிருந்தே இதைக் கூரைக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம்

இதன் சொந்த ஊர் மெக்சிகோவின் நடுப்பகுதி. கெரெத்தாரோ, இடால்கோ மாநிலங்களின் மலைச்சரிவுகள். பாலைவனக் கள்ளி என்றதும் நம் மனதில் வரும் மணல்மேடு அங்கே கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறைச் சரிவுகளில், கல் இடுக்குகளில் வேர் பிடித்து நிற்கும் செடி இது. மழை பெய்யும், பெய்த தண்ணீர் அடுத்த நிமிடமே சரிவில் ஓடிவிடும். பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவில் குளிர்ந்துவிடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

தாவரவியலில் இதற்கு நெடுங்காலமாக எக்கினோகாக்டஸ் குருசோனி என்று பெயர். குருசோனி என்பது ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரத்துத் தொழிலதிபர் ஹெர்மான் குருசோனை நினைத்து வைத்தது. இரும்புக் கவசத் தகடு வார்த்த மனிதருக்குக் கள்ளி சேர்ப்பதில் அப்படி ஒரு மோகம்! அவர் சேர்த்த செடிகள் இருந்த கண்ணாடி வீடுகள் இன்றும் அந்த நகரத்தில் இருக்கின்றன. 2014இல் இதை எக்கினோகாக்டஸ் பேரினத்திலிருந்து பிரித்து குரோன்லைனியா என்று தனிப் பேரினமாக்கினார்கள். கடைக்காரர்கள் இன்னும் பழைய பெயரில்தான் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

ஊர்ப்பெயர்தான் சுவாரசியம். ஸ்பானிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இதை ‘மாமியார் நாற்காலி’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மாமியார் மெத்தை’. மாமியார்–மருமகள் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

காட்டில் இது இப்போது அழியும் நிலையில் உள்ள இனம். 1990களில் ஜிமாபான் அணை கட்டப்பட்டபோது, இது வாழ்ந்த பள்ளத்தாக்கில் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. போதாக்குறைக்குச் செடி திருடுகிறவர்கள் வேறு. ஆனால் உலகம் முழுக்க நர்சரிகளில் விதையிலிருந்து லட்சக்கணக்கில் வளர்க்கிறார்கள், அதனால் நீங்கள் வாங்கும் செடியைப் பற்றிக் குற்ற உணர்வு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் போட்டு எடுத்துவர மட்டும் ஆசைப்படாதீர்கள். கள்ளிகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளவை. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இதைக் கற்றாழை என்று எழுதுகிறார்கள், தவறு. கற்றாழை வேறு வகை. நம் ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும்கூட இதற்குச் சொந்தமில்லை; உடைத்தால் பால் வரும், இதில் பால் வராது. நம் கண்ணுக்குப் பழகிய கள்ளிகளில் இதற்கு உறவு என்றால் சப்பாத்திக்கள்ளிதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியதுதான்.

வாங்கும்போது

முதல் செடிக்கு ஆரஞ்சுப் பழ அளவு போதும். அதைவிடச் சின்னதாக, கோலிகுண்டு அளவில் வாங்கினால் ஒரு தப்புக்குக்கூட இடம் தராது. பெரிதாக வாங்கினால் விலையும் அதிகம், தூக்கவும் முடியாது.

கடையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் அடிப்பகுதி. பென்சிலின் மழுங்கிய முனையை முள்ளுக்கு நடுவே விட்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் மெல்ல அழுத்துங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் அமுங்கினாலும் வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். இரண்டாவது உச்சி. நடுவில் புதிய முட்கள் பளிச்சென்ற மஞ்சளில் நெருக்கமாக முளைத்திருக்க வேண்டும். செடி உருண்டையாக இல்லாமல் மேலே கூம்பிப் போயிருந்தால், அது வெளிச்சம் இல்லாமல் வளர்ந்தது. அந்த வடிவம் இனி சரியாகாது. மூன்றாவது, ஆட்டிப் பார்ப்பது. தொட்டியை லேசாகச் சாய்த்தால் செடி மண்ணோடு சேர்ந்து சாய வேண்டும். தனியாக ஆடினால் வேர் பிடிக்கவில்லை அல்லது வேர் போய்விட்டது.

உச்சியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறதே, பூஞ்சையா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. வளர்ந்த செடிக்கு உச்சியில் இயல்பாகவே கம்பளி போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். நான் பல் துலக்கும் பிரஷ்ஷால் ‘சுத்தம்’ செய்து ஒரு செடியின் உச்சியைக் காயப்படுத்தியிருக்கிறேன்.

சின்னக் கள்ளியின் தலையில் கலர் கலராகப் பூ இருந்தால் உற்றுப் பாருங்கள். காய்ந்த காகிதப்பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்பது ரொம்ப நாளாக நடக்கிறது. கோல்டன் பேரல் அந்த அளவில் பூக்கவே பூக்காது. அதேபோல் முக்கோணத் தண்டின் மேல் ஒட்டுக் கட்டிய செடியும் விற்பனைக்கு வரும். வேகமாக வளரும், ஆனால் சில வருடங்களில் கீழே உள்ள தண்டு ஓய்ந்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் சொந்த வேரில் நிற்கும் செடியையே வாங்குங்கள்.

மண் கலவை

வீட்டுக்கு வந்த செடியை ஒரு வாரம் நிழலில் விட்டுவிட்டு, முதல் வேலையாக மண்ணை மாற்றுங்கள். நர்சரியில் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில்தான் நட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது வசதி: எடை குறைவு, லாரியில் ஏற்றச் சுலபம். உங்களுக்கு அது வம்பு. நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் விடாது. முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளேயே விடாது, ஓரமாக வழிந்து ஓடிவிடும்.

நான் போடும் கலவை, 10 பங்குக் கணக்கில்:

- உடைத்த செங்கல், 3 முதல் 6 மி.மீ. அளவு: 4 பங்கு
- கரடான மணல்: 2 பங்கு
- பெர்லைட் அல்லது பியூமிஸ் (எடை குறைந்த, துளைகள் நிறைந்த கல் துணுக்குகள்): 1 பங்கு
- செம்மண்: 2 பங்கு
- நன்றாக மக்கிய மண்புழு உரம்: 1 பங்கு

பார்த்தால் வீட்டுக்கு அடித்தளம் போடுகிற மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், இது பாறை இடுக்குச் செடி. பெர்லைட் கிடைக்காவிட்டால் விடுங்கள், அந்த ஒரு பங்குக்கும் செங்கலே போடலாம். சிமென்ட் ஒட்டிய பழைய செங்கலை மட்டும் எடுக்காதீர்கள்.

எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடலாமா? போடலாம். ஆனால் அதில் இருக்கும் மாவு போன்ற தூள்தான் எமன். காய்ந்ததும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, கலங்கல் நீரை வடித்து, மறுபடி கழுவி, தெளிந்த நீர் வரும்வரை செய்யுங்கள். நான் 4 தடவை கழுவுவேன். அப்புறம் வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்தால் கீழே விழுவதைத் தள்ளிவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்வேன். (சமையலறைச் சல்லடையை எடுக்காதீர்கள். வேறு ஒன்று வாங்கிவிடுங்கள். அனுபவம்.) கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

கலவை சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் செம்மண் அதிகம். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி.

தொட்டியும் நடவும்

செடியின் குறுக்களவைவிட 3 முதல் 5 செ.மீ. அகலமான தொட்டி போதும். வளரத்தானே போகிறது என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கு வழி செய்யும். வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் பரவும். அதனால் உயரமான தொட்டியும் வேண்டாம். நான் மண் தொட்டிதான் பயன்படுத்துகிறேன். அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும், சென்னைக் காற்றுக்கு அது பெரிய உதவி.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதனால் வடிகால் அதிகமாகிவிடாது. பொடி மண்ணிலிருந்து பருமனான ஜல்லிக்குத் தண்ணீர் சட்டென்று இறங்காது. அந்த எல்லையிலேயே தேங்கி நிற்கும். ஜல்லி போட்டால் அந்தச் சேறு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். துளையை ஓட்டுத் துண்டாலோ கொசுவலைத் துண்டாலோ மூடி, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையை நிரப்புங்கள்.

இனி முள்ளோடு மல்லுக்கட்டும் வேலை. தோட்டத்துணிக் கையுறையை நம்பாதீர்கள், முள் ஊடுருவிவிடும். இந்தச் செடியில் முள் திண்டு (முட்கள் கொத்தாக முளைக்கும் சின்ன மேடு) ஒவ்வொன்றிலும் ஓரத்தில் 8 முதல் 10 முட்கள், நடுவில் 3 முதல் 5 பெரிய முட்கள். பெரிய முள் ஊசியைவிட உறுதி. நான் செய்வது இது: பழைய துண்டை நீளவாக்கில் நான்காக மடித்து ஒரு பட்டை ஆக்குவேன். அதைச் செடியின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிடித்தால் குடத்துக்குக் காது வைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு கையில் அந்தக் காது. மறு கையால் தொட்டியைச் சாய்த்து, பக்கவாட்டில் தட்டினால் வேர்க்கட்டியோடு வழுக்கி வரும். கையளவைத் தாண்டிய செடி என்றால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். என் செடிகளை மாற்றும்போது என் தம்பி துண்டைப் பிடிப்பான், நான் வேரைப் பார்ப்பேன்.

பழைய நார்க்கழிவை ஐஸ்கிரீம் குச்சியால் மெல்லக் குத்தி உதிருங்கள். வேர்களுக்கு நடுவே வெள்ளைப் பொடியோ பஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள், அது வேர் மாவுப்பூச்சி. இருந்தால் வேரைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். கறுத்து நசநசத்த வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். பிறகு 4, 5 நாள் செடியை நிழலில், காற்றுப்படும் இடத்தில் வெறுமனே வைத்துவிடுங்கள். புதியவர்களுக்கு இதுதான் நெஞ்சடைக்கும். மண்ணில்லாமல் செத்துவிடாதா என்பார்கள். சாகாது. உள்ளே அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. வேரில் ஏற்பட்ட காயம் ஆறாமல் ஈர மண்ணில் வைத்தால்தான் சாகும்.

நடும்போது முன்பு எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டம். செடி ஆடாமல் நிற்க வேண்டும் என்று ஆழமாகப் புதைத்துவிடாதீர்கள், சுற்றிலும் இரண்டு மூன்று கூழாங்கல்லை முட்டுக் கொடுங்கள். மேலே ஒரு விரல் கனத்துக்குச் சின்னக் கல் பரப்புங்கள். மழையில் மண் தெறிக்காது, செடியின் இடுப்பும் ஈர மண்ணில் ஒட்டாது. நட்ட பிறகு இன்னும் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஓட்டுத் துண்டு மூன்றை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள்.

தண்ணீர்

‘வாரத்துக்கு எத்தனை தடவை?’ என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்விதான் என் முதல் செடியைக் கொன்றது. தண்ணீர் நாளைப் பார்த்து ஊற்றுவதல்ல, எடையைப் பார்த்து ஊற்றுவது.

நட்டு, ஒரு வாரம் பொறுத்து, முதல் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள். ஊற்றுவதற்கு முன் தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடித்துளை வழியாக வழியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். வடிந்து முடிந்ததும் மறுபடி எடை. என் 6 அங்குலத் தொட்டி ஒன்றில் காய்ந்த எடை 2 கிலோ 100 கிராம், நனைந்த எடை 2 கிலோ 400. அந்த 300 கிராமும் போன பிறகு, இன்னும் 3 நாள் கழித்துத்தான் அடுத்த தண்ணீர். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் தராசு தேவைப்படாது. தொட்டியின் விளிம்பில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினாலே தெரிந்துவிடும்.

தூக்க முடியாத தொட்டி என்றால் மூங்கில் குச்சி ஒன்றை ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றால் பொறுங்கள்.

தண்ணீர் விடும்போது முழுக்க நனையும்படி விட வேண்டும். ‘கள்ளிதானே’ என்று இரண்டு ஸ்பூன் தெளிப்பது வேண்டாம். மேல்மண் மட்டும் நனைந்து, கீழ் வேர் காய்ந்து சாகும். ஊற்றினால் முழுக்க, இல்லையென்றால் ஒரு சொட்டும் இல்லை.

ஒரு தோராயம் மட்டும் சொல்கிறேன், எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் சின்னத் தொட்டிக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை ஆகும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை கோடை இடிமழையையும் கணக்கில் எடுத்து 10 முதல் 14 நாள். மார்கழி, தையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வெயில் காலத்தில் சாயங்காலம் ஊற்றுங்கள். கள்ளிகள் பகலில் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும். தவிர நடுப்பகலில் கொதிக்கும் தொட்டியில் ஊற்றுவது வேரை அவிப்பது மாதிரி.

செடி தாகமாக இருப்பதை அதன் மடிப்புகளே காட்டும். மேலிருந்து கீழாக ஓடும் அந்த வரிகள் ஆர்மோனியத் துருத்தி போல. தண்ணீர் குடித்தால் விரியும், குறைந்தால் சுருங்கி ஒன்றோடொன்று நெருங்கும். கொஞ்சம் சுருங்கினால் பயமில்லை. வரியும் சுருங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும், அப்போது வேர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை பூத்து, வேர் நுனி கருகும். மழைநீர் ஒரு டிரம் பிடித்து வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், மோர், டீத்தூள் ஆகிய வீட்டு வைத்தியம் எதுவும் இந்தச் செடிக்கு வேண்டாம்.

ஐப்பசி வந்தால்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். கோல்டன் பேரலுக்கு அது பரீட்சைக் காலம். நல்ல கலவையில் இருக்கும் செடி ஒருநாள் மழையைத் தாங்கும். நான்கு நாள் வெயிலே தலைகாட்டாத அடைமழையைத் தாங்காது.

நவராத்திரி கொலு முடிந்ததும் நான் தொட்டிகளை மாடிப்படிக் கூரைக்குக் கீழே, காற்று வரும் பக்கமாக மாற்றிவிடுவேன். மாற்றும் முன் தொட்டியில் வெயில் படும் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. தை பிறந்ததும் திரும்ப வைக்கும்போது அதே பக்கம் வெயிலைப் பார்க்கும்படி வைக்கலாம். கூரை வசதி இல்லாதவர்கள் தெளிவான அக்ரிலிக் ஷீட்டை நான்கு குச்சியில் சாய்வாகக் கட்டலாம். பாலித்தீன் கவரால் செடியைப் போர்த்துவது மட்டும் கூடாது, உள்ளே இட்லிப்பானைதான்.

தரையில் நடுவதாக இருந்தால் ஒன்றரை அடி உயரத்துக்குக் கல்லும் மண்ணுமாக மேடு கட்டி, அதன் சரிவில் நடுங்கள்.

வெயில்

குறைந்தது 5 மணி நேரம் நேரடி வெயில். ஆனால் நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை ஒரே நாளில் மொட்டை மாடியில் வைத்தால் தோல் வெந்துவிடும். முதலில் வெளிறும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் அட்டை மாதிரிப் பழுப்புத் தழும்பு. அது ஆயுள் முழுக்கப் போகாது. முதல் வாரம் காலை 9 மணிவரை வெயில், அடுத்த வாரம் 11வரை, மூன்றாம் வாரத்திலிருந்து முழு வெயில். அக்னி நட்சத்திரத்தில் பெரிய செடிக்கு ஒன்றும் ஆகாது. டென்னிஸ் பந்தைவிடச் சின்னதற்கு மதியம் மட்டும் நிழல்வலை கட்டுங்கள்.

வயதான செடியின் அடிப்பகுதி பழுப்பாகி மரப்பட்டை மாதிரி ஆகும். கெட்டியாக இருந்தால் அது முதுமை, மெத்தென்றால் அழுகல். அழுத்திப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு கரைத்து, ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மாதம் ஒருமுறை. மே மாதத்தில் வேண்டாம், இரவும் புழுங்குவதால் செடி மந்தமாகிவிடும். மழைக்காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

பூச்சியும் அழுகலும்

பெரிய எதிரி மாவுப்பூச்சி. முள் திண்டுகளின் அடியில், அரிசிமணியில் பாதி அளவில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும். எறும்பு வரிசையாகச் செடிமேல் ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடை ஐசோபிரப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டால் கரைந்துவிடும். சாயங்காலம் செய்யுங்கள், 5 நாள் இடைவெளியில் மூன்று முறை. வேப்பெண்ணெய் அடித்தால் இரண்டு நாள் வெயிலில் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பூச்சோடு வெயில் பட்டால் பொசுங்கிவிடும்.

இந்தப் பூச்சியின் பங்காளி ஒன்றுக்குச் சென்னையோடு பழைய கணக்கு உண்டு. கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி தரம் குறைந்த வேறு இனமாகப் போய்விட்டது. சாயம் தேறவில்லை, ஆனால் கள்ளியைத் தின்று தீர்ப்பதில் கெட்டிக்காரப் பூச்சி. பின்னாளில், 1926இல், இலங்கையிலிருந்து கொண்டுவந்த இன்னொரு இனம்தான் தென்னிந்தியாவில் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கியது. சப்பாத்திக்கள்ளியையும் சேர்த்து வளர்க்கிறவர்கள் அதன்மேல் வெள்ளைப் பஞ்சைக் கண்டால் நசுக்கிப் பாருங்கள், விரல் ரத்தச் சிவப்பானால் அது கொச்சினீல் பூச்சிதான்.

மழைக்காலத்தில் நத்தை, வெயில் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிவப்புச் சிலந்திப்பேன். பேன் வந்தால் தோல் துருப்பிடித்த மாதிரி ஆகும். வாரம் இருமுறை காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, வெயிலில் காயவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

அழுகல் அடியில் தொடங்கியிருந்தால் உடனே எடுத்து, கத்தியைத் தீயில் காட்டி ஆறவைத்து, வெள்ளைச் சதை தெரியும்வரை சீவுங்கள். நடுவில் பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் இன்னும் சீவ வேண்டும். வெட்டு முகத்தில் கந்தகத்தூள் தூவி, மூன்று நான்கு வாரம் நிழலில் காயவைத்து, காய்ந்த கல் கலவைமேல் உட்காரவையுங்கள். வேர் விட்டால் அதிர்ஷ்டம். நான் இரண்டு தடவை முயன்று ஒன்றைக் காப்பாற்றினேன். அது வேர் விட 5 மாதம் ஆனது.

பூவும் விதையும்

பூ மஞ்சள், பட்டுத்துணி மாதிரிப் பளபளப்பு. உச்சியின் கம்பளிக்குள்ளிருந்து வட்டமாகக் கிரீடம் வைத்தாற்போல் வரும். அதற்குச் செடி ஒன்றரைச் சாண் குறுக்களவைத் தாண்ட வேண்டும், விதையிலிருந்து கணக்கிட்டால் 15, 20 வருடம். என் செடியில் பெரியது 22 செ.மீ. தான். கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் தோட்டத்தில் நூறு வயதைத் தாண்டிய கோல்டன் பேரல்கள் இருக்கின்றன. நம் நாட்டில் நிறையக் கள்ளிகளை ஒரே இடத்தில் பார்க்க நினைப்பவர்கள் சண்டிகர் பக்கம் போனால் பஞ்ச்குலா தேசியக் கள்ளித் தோட்டத்துக்குப் போய்வரலாம்.

இந்தச் செடி பக்கக் கன்று அதிகம் விடாது, அதனால் பெருக்க விதைதான் வழி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சலித்த கலவையைப் போட்டு, அடுப்பில் சூடாக்கி ஆறவைத்து, நனைத்து, விதையைத் தூவி, மண் போட்டு மூடாமல் டப்பா மூடியை மட்டும் போட்டு வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் பச்சைக் கடுகு மாதிரி முளைக்கும். முதல் சில மாதம் ஈரம் வேண்டும், பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். குட்டிச் செடியில் வரிகள் இருக்காது, குமிழ் குமிழாகத்தான் இருக்கும். வேறு விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், வளர வளரக் குமிழ்கள் சேர்ந்து வரியாகும்.

எங்கே வைப்பது, குத்தினால் என்ன செய்வது

நடைபாதை ஓரம், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, குழந்தைகள் ஓடும் இடம் மூன்றும் வேண்டாம். முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று அம்மா இன்றுவரை வாசல் பக்கம் விடவில்லை. வாஸ்துவோ என்னவோ, வேட்டி சிக்காமல் இருப்பதற்காகவாவது அது நல்ல முடிவுதான்.

முள் குத்தினால் பிதுக்காதீர்கள். வெளிச்சத்தில் பார்த்து, குத்திய திசையிலேயே சாமணத்தால் நேராக இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முனை உள்ளே ஒடிந்து தங்கியிருந்தாலோ, விரல் மூட்டுக்குப் பக்கத்தில் ஆழமாக இறங்கியிருந்தாலோ, மறுநாள் வீங்கிச் சிவந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று அவர் கேட்பார், அந்தத் தேதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள்.